கோழிக்கூடு வைக்க ஒரு மூலை

சம்பளப் பேச்சு, சேமலாப நிதி, ஒழுகும் லயன் கூரை என்று எழுத எவ்வளவோ இருக்க, தலையங்கத்தில் கோழிக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். மார்கழி பிறந்துவிட்டது. வாங்கிய குஞ்சுகள் பெட்டி பெட்டியாகச் சாகிற காலம் இது. நாலு குஞ்சு செத்ததும் "நம்ம குளிருக்குக் கோழி சரிப்பட்டு வராது" என்று கூட்டைப் பிரித்து விறகாக்கிவிடுகிறோம். அந்தப் பேச்சு சரியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

தேவை என்ன என்று முதலில் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். பாடசாலைக் காலைக்கூட்டத்தில் ஐந்தாம் ஆண்டு வரிசையைப் பார்த்தாலே இது தெரியும். ரொட்டியும் சம்பலும் பசியை அடக்கும், பிள்ளையை வளர்த்திவிடாது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்கிற நிலைமை வந்தபோது கடையில் ஒன்று இரண்டாகத்தான் முட்டை வாங்கினோம். பிள்ளைக்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வருகிற தாய்க்கு வெறும் குழம்பு. வாசலில் நாலு பெட்டைக்கோழி நின்றால் இந்தப் பங்கீடு மாறும்.

இனிக் குளிர். நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தையிலும் மாசியிலும் மேகமில்லாத இரவுகளில் புல்லில் துகள் பனி படிகிறது, கொழுந்து கருகுகிறது. ஆனாலும் வளர்ந்த கோழி இதைத் தாங்கும். அதன் உடம்புச் சூடு 41 பாகை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு இரவைக் கழித்துவிடும். தரையெல்லாம் பனிக்கட்டி மூடுகிற நாடுகளிலும் வீட்டுக்கோழி வளர்க்கிறார்கள். அங்கே பகல் மிகக் குறுகிவிடுவதால் முட்டைக்காக விளக்குப் போடுகிறார்கள். நமக்கு மார்கழிப் பகல் ஆனிப் பகலைவிட முக்கால் மணித்தியாலம் அளவுதான் குறைவு. இங்கே முட்டை குறைந்தால் முதலில் தீனியைப் பாருங்கள். குளிரில் தின்பதில் ஒரு பங்கு உடம்பைச் சூடாக வைக்கவே போய்விடும். அடைகிற நேரத்தில் ஒரு பிடி சோளம் கூடுதலாகப் போடுங்கள்.

குளிரைவிடக் கோழியைக் கொல்வது ஈரமும் ஊதற்காற்றும். கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்துங்கள். காற்று அடிக்கிற பக்கத்தை உரச்சாக்கால் மறையுங்கள். ஆனால் நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. மூச்சும் எச்சமும் ஈரமாகி, கண்ணை எரிக்கிற நெடி ஏறி, சளி பிடிக்கும். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி திறந்தே இருக்கட்டும். அடியில் மரத்தூளோ காய்ந்த மானாப்புல்லோ போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். இரத்தக் கழிச்சல் ஈரப் படுக்கையில்தான் பெருகும்.

குஞ்சு விசயம் வேறு. பஞ்சு மயிரோடு இருக்கிற குஞ்சு தன் சூட்டைத் தானே காக்காது. முதல் வாரம் அது நிற்கிற இடத்தில் 32 முதல் 35 பாகை வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்துவரலாம். அடைக்கோழி இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். பத்து, பன்னிரண்டு முட்டை வைத்தால் 21 நாளில் பொரித்துச் சிறகுக்குள் அவளே பார்த்துக்கொள்வாள். தாயில்லாக் குஞ்சுக்குப் பெட்டியும் மின்குமிழும்தான் வழி. இப்போது கடையில் கிடைக்கிற எல்ஈடி குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழைக் குமிழ்தான் வேண்டும். குஞ்சுகள் குமிழுக்குக் கீழே நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதாது. ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. நம் லயன்களின் மின்கம்பிகள் எவ்வளவு பழையவை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசையே போய்விடும். மட்டைப் பெட்டியில் குமிழைத் தொடவிட்டுத் தூங்காதீர்கள். கரிச்சட்டியைக் கதவடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது, அந்தப் புகை ஆளையே கொல்லும். நம்பிக்கையான மின்சாரம் இல்லாத வீட்டில் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஆற ஆற மாற்றுங்கள். இரவில் எழும்பவேண்டியிருக்கும். விடியப் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு அது லேசான வேலையல்ல, அதனால்தான் அடைக்கோழியை முதலில் சொன்னோம்.

தடுப்பு மருந்து தனியாளால் முடியாத காரியம். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு லயனின் கோழியெல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் இருக்கும். கரைத்தபின் ஓரிரு மணித்தியாலத்தில் முடித்துவிடவேண்டும். நாலு கோழிக்காரி எப்படி வாங்குவாள்? இருபது வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் முடியும். இதைச் சங்கம் ஒழுங்கு செய்யும். அரச மிருக வைத்தியக் காரியாலயத்துடன் பேசி நாள் குறிப்பது எங்கள் பொறுப்பு.

இவ்வளவும் செய்யக் கூடு வைக்க இடம் வேண்டுமே! இங்கேதான் இது சங்க விசயமாகிறது. 1992இலிருந்து தோட்டங்களைக் கம்பெனிகள் நிர்வகிக்கின்றன. லயனுக்குப் பின்னால் நாம் மரக்கறி போடுகிற துண்டு நிலமும் நம் பெயரில் இல்லை. 7 பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கூடு கட்டினால், "சுத்தமில்லை, பிரித்துவிடு" என்று ஒரு வார்த்தை வருகிறது. சுத்தம் வேண்டும்தான், மறுக்கவில்லை. கானோரத்தில் எச்சத்தைக் கொட்டுகிறவர்களை நாமும் கண்டிப்போம். ஆனால் ஒவ்வொரு லயனுக்கும் கூடு வைக்க ஓர் இடத்தை அளந்து, எழுத்தில் தரவேண்டும் என்று நிர்வாகங்களிடம் கேட்கிறோம். வாய்ப்பேச்சு துரை மாறினால் மாறிவிடும்.

குஞ்சு இலவசமாகக் கொடுக்க வருகிறவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். வருட முடிவில் கணக்கை முடிப்பதற்காக மார்கழியில் பெட்டி பெட்டியாக இறக்காதீர்கள். பங்குனியில் கொடுங்கள். ஒரு மாதம் வளர்ந்த, தடுப்பு மருந்து போட்ட குஞ்சாகக் கொடுங்கள். எண்ணிக்கை பாதியானாலும் பரவாயில்லை.

மருந்து போட விரும்புகிறவர்கள் இம்மாதம் 20ஆம் திகதிக்கு முன் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ பெயர் கொடுங்கள். வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் குப்பி கேட்கமுடியும்.