பால் கொடுக்கிறவளுக்கு ஒரு நாற்காலி



என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்திக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். தஞ்சாவூரில் அம்மா வீட்டில் அறை தயாராகிறது. தொட்டில், கொசுவலை, சுவரில் யானைப் படம் எல்லாம் வந்தாயிற்று. "பால் கொடுக்க ஒரு நாற்காலி வேணும்னேன் டீச்சர், அதுக்குக்கூட தனி நாற்காலியான்னு சிரிக்கிறாங்க" என்று எழுதியிருந்தாள்.

சிரித்தவர்களுக்கு ஒரு கணக்கு. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். 10 தடவை, தடவைக்கு அரை மணி என்றால் 5 மணி நேரம். பள்ளிக்கூடத்தில் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்த நேரம்! அவள் இதில் பாதியை நடுராத்திரியில், கட்டில் ஓரத்தில் கூன் போட்டு உட்கார்ந்து கழிக்கிறாள். அப்புறம் "இடுப்பு வலி, பிரசவத்துக்கப்புறம் அப்படித்தான்" என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

"நாங்கள்லாம் தரையில உட்கார்ந்து கொடுக்கலையா?" கொடுத்தோம். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் இலவம்பஞ்சுத் தலையணையோடு. பிள்ளையை எடுத்துக் கொடுக்கவும் வாங்கவும் பக்கத்தில் ஆள் இருந்தது. இன்று சிசேரியன் தையலோடு, குழந்தையையும் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்திருக்கச் சொல்வது நியாயமா? நடவு வயலிலிருந்து கரையேறி வரப்பில் உட்கார்ந்து பால் கொடுத்தவர்களையும் நம் ஊரில் பார்த்திருக்கிறோம். அது வசதி என்றா செய்தார்கள்? 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தபோது எல்லோரும் பாராட்டினோம். வீட்டில் ஒரு நாற்காலிக்குச் சிரிக்கிறோம்.

விலை கூடிய ஆடும் நாற்காலி தேவையில்லை. தாத்தாவின் சாய்வு நாற்காலியும் வேண்டாம். அதில் விழுந்தால் குழந்தையோடு எழ முடியாது. ஊஞ்சலில் முதுகுக்கும் கைக்கும் பிடிமானம் இல்லை. நேரான முதுகு, முழங்கை தளர்வாகப் பதியும் உயரத்தில் கைப்பிடி, அமுங்காத இருக்கை, இவ்வளவுதான். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். கடை நாற்காலிகள் பெரும்பாலும் 17, 18 அங்குல உயரம்; ஐந்தடிப் பெண்ணுக்குக் கால் தொங்கும். பரணில் கிடக்கும் சாப்பாட்டு மணையைக் காலடியில் போட்டால் சரியாகிவிடும். மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்புக்கு உயர்த்துங்கள், பிள்ளையிடம் குனியாதீர்கள்.

கொள்ளிடம் பக்கம் தைக்காலில் சாலையோரம் பிரம்பு நாற்காலிகள் விற்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். நம் ஊர் வெக்கைக்குக் காற்றோட்டம். எடையும் குறைவு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டுக்குப் போகும்போது காரில் ஏற்றிவிடலாம். ஆனால் அவளை உட்காரவைத்துப் பார்த்து வாங்குங்கள், மாப்பிள்ளை உட்கார்ந்து பார்த்துப் பயனில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். தூக்கம் வந்தால் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட வேண்டும். நாற்காலியிலோ சோபாவிலோ குழந்தையை அணைத்தபடி தூங்கிப்போவது, மூச்சடைக்கும் ஆபத்து.

நாற்காலியைக் கூடத்தில் போடாதீர்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அதில் உட்கார்ந்துவிடுவார்கள். கதவு சாத்தக்கூடிய அறையில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு இருக்கட்டும்.

சீர்காழி, கொள்ளிடம் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, அளவு சொன்னால் கால் உயரம் குறைத்துச் செய்து தருகிறவர் யாரையாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். புரட்டாசிக்குள் வேண்டும்.