நம்பர் வந்தா போதுமா பாஸ்?

கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீன்ல 'வெப்பநிலை 85 டிகிரி'ன்னு காட்டுது. ஆனா, அந்தக் கருவியோட தொடர்பு துண்டிச்சு அரை மணி நேரமாச்சு. கடைசியா வந்த 85 அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்பலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் தொழிற்சாலை சாஃப்ட்வேர்ல 'குவாலிட்டி' இருக்கிறது. 1996-ல் வந்த 'ஓ.பி.சி. டி.ஏ.' முறையில், ஒவ்வொரு அளவோடும் நேரமும் தரமும் சேர்ந்தே வரும். தரத்துக்கு 8 பிட். முதல் 2 பிட், அளவு நல்லதா, சந்தேகமா, மோசமா என்று சொல்லும். அடுத்த 4 பிட், ஏன் என்று சொல்லும். கடைசி 2 பிட், அளவு மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ முட்டி நிற்கிறதா என்று சொல்லும்.

மொத்தமாப் படிச்சா 192 நல்லது, 64 சந்தேகம், 0 மோசம். 16 என்றால் சென்சார் பழுது. 20 என்றால் 'தொடர்பு போச்சு, இது கடைசியாத் தெரிஞ்ச அளவு'. நம்ம 85-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது இந்த 20தான்!

'சும்மா ஒரு நம்பர்தானே'ன்னு நினைக்காதீங்க. 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி, பி.பி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 170 அடி கோபுரத்தில், திரவ மட்டம் காட்டும் கருவி அளந்தது அடிப்பகுதியில் 5 அடியை மட்டும். திரவம் 158 அடிக்கு ஏறியபோதும், கருவி காட்டியது சுமார் 8 அடி. திரவம் வழிந்து, வெடித்து, 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். காரணங்கள் பல; நம்பக்கூடாத அந்த நம்பரும் அதில் ஒன்று. தப்பாகச் செட் பண்ணிய கருவியைக் குவாலிட்டி குறியீடு தானாகக் கண்டுபிடிக்காதுதான். ஆனால், 'இதை நம்பலாமா?' என்று கேட்கும் பழக்கத்தை அது நமக்குக் கற்றுக் கொடுக்கும்.

இப்போ ஒரு ட்விஸ்ட். 2008-ல் வந்த 'ஓ.பி.சி. யு.ஏ.' முறையில் தரத்துக்கு 32 பிட். அதில் 0 என்றால்... நல்லது! பழைய முறையில் மோசம், புதுசில் நல்லது. பழைய புரோகிராமை அப்படியே காப்பி அடிச்சா, உருப்படியான அளவெல்லாம் குப்பைக்குப் போயிடும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் சென்சார் டேட்டா சேமிக்கிறீங்களா? டேபிளில் தரத்துக்கும் ஒரு காலம் போடுங்க. மோசமான அளவைக் கலர் மாத்திக் காட்டுங்க. வைவாவில் 'இந்த நம்பரை எப்படி நம்புறது?'ன்னு கேட்டா, தைரியமா பதில் சொல்லலாம்.