ஆடியில்லாக் கமரா

கருவியொன்றுக்குப் பெயரிடுவோர் அதில் உள்ளதைக் கொண்டு பெயரிடுவதே வழக்கம். இல்லாததைக் கொண்டு பெயரிடுதல் பழையதை மறக்கவியலாத மனத்தின் செயல். மோட்டார் வண்டி புதிதாய்த் தோன்றிய நாளில் மேனாட்டார் அதனைக் குதிரையில்லா வண்டி என்றனர். குதிரை நினைவினின்று அகன்றபின் அப்பெயரும் அகன்றது. இன்று கடைகளில் 'மிரர்லெஸ்' என்று விற்கப்படும் கமராவும் அவ்வகையினதே. அதனை ஆடியில்லாக் கமரா என்று இங்குச் சொல்வோம். ஆடி என்றது மாதத்தையன்று, முகம் பார்க்கும் கண்ணாடியை என்பதை இளைய வாசகர்கள் நினைவிற் கொள்க.

எமது கையிற் பல்லாண்டு இருந்தது 2014 இல் வெளிவந்த நிக்கொன் டி750, அஃது ஆடியுள்ளது. இப்பொழுது இருப்பது அதே நிறுவனம் 2018 இல் வெளியிட்ட இசட்6, ஆடியற்றது. கல்லூரி ஒளிப்படக் கழகத்துப் பிள்ளைகள் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டு, "எது திறம், சேர்?" என்று கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விளம்பரத் தாள்கள் விடை சொல்லும். ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறுகையிற் கண்ணும் கையும் எவ்வாறெல்லாம் மாறவேண்டியுள்ளன என்பதை அத்தாள்கள் சொல்வதில்லை. அதனையே இவ்வாரம் எழுதக் கருதினோம்.

ஆடியுள்ள கமராவினுள், லென்ஸ் எனப்படும் வில்லைக்குப் பின்னால், 45 பாகை சாய்வில் ஒரு தளவாடி நிற்கிறது. வில்லை வழியே புகும் ஒளி அதிற் பட்டு மேலே தெறித்து, தேய்த்த கண்ணாடித் திரையொன்றில் விம்பமாக விழுகிறது. திரைக்கு மேலுள்ள ஐங்கோண அரியம் அவ்விம்பத்தின் இடவல மாற்றத்தைத் திருத்திக் கண்ணுக்கு அனுப்புகிறது. ஒளித்தெறிப்புப் படிக்கும் மாணவன் பழைய கமரா ஒன்றைத் திறந்து பார்ப்பானாயின் பாடத்திற் பாதியை அதனுள்ளே காண்பான். 1949 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த கொன்டாக்ஸ் எஸ், இவ்வரியத்தைக் கொண்டுவந்த 35 மி.மீ. கமராக்களுள் முன்னோடி. 1959 இல் நிக்கொன் எஃப் வந்தபின் பத்திரிகைப் படப்பிடிப்பாளரிடையே இவ்வமைப்பு வேரூன்றியது. இதிற் கவனிக்கத் தக்கது ஒன்று: பார்வைத் துளையில் நாம் கண்டது பொருளினின்று வந்த ஒளியையே. பற்றரியைக் கழற்றிவிட்டாலும் அது தெரியும்.

ஆனால் அவ்வமைப்பில் ஒரு விநோதமும் இருந்தது. படம் பதியும் கணத்தில் ஆடி மேலெழுந்து வழிவிட்டாலன்றி ஒளி பின்னே செல்லாது. ஆடி எழுந்தவுடன் பார்வைத் துளை இருண்டுவிடும். முற்காலத்துக் கமராக்கள் பலவற்றில், படச்சுருளை மறுபடி சுற்றும்வரை அவ்விருள் நீங்குவதில்லை. 1954 இல் வெளிவந்த ஜப்பானிய அசாகிஃபிளெக்ஸ் வகையொன்றில் ஆடி உடனே தானாக இறங்கியது. அதன்பின் இருட்டு ஒரு கண்ணிமைப்பிலும் குறுகிற்று. எனினும் அது இருந்தே வந்தது. கிரிக்கெற் மைதானத்தில், மட்டையிற் பந்து படுவதைத் துளையினூடே எவன் கண்டானோ அவனுடைய படத்தில் அது இல்லை. எவன் காணவில்லையோ அவனுக்கே அது கிடைத்தது. எனவே ஆடியுள்ள கமராவோடு பழகியவனின் விரல், கண்ணுக்குச் சற்று முந்தியே செயற்படக் கற்றிருந்தது. இது புத்தகத்தில் வராத கல்வி.

புதிய கமராவில் ஆடியுமில்லை, அரியமுமில்லை. வில்லை வழியே வரும் ஒளி நேரே 'சென்சர்' எனப்படும் ஒளியுணரித் தகட்டில் விழுகிறது. தகடு வாசித்த விம்பத்தை, பார்வைத் துளையினுள் இருக்கும் விரல்நுனியளவான இலத்திரனியற் திரை எமக்குக் காட்டுகிறது. ஆகவே நாம் துளையிற் காண்பது பொருளையன்று, பொருளின் படத்தை. முதலிற் சில நாட்கள் இவ்வேறுபாடு கண்ணை உறுத்தியது. சன்னல் வழியே வெளியைப் பார்த்துப் பழகியவனைத் தொலைக்காட்சி முன் இருத்தியது போன்றிருந்தது. தொடர்ந்து விரைவாக எடுக்கையிலோ, சற்று முன் எடுத்த படங்களே ஒன்றன்பின் ஒன்றாகத் துளையிற் தோன்றுகின்றன. ஓடும் சிறுவனைத் தொடர்ந்து கமராவைத் திருப்பும்பொழுது நாம் பின்தொடர்வது அவனையன்று. அவன் சற்றுமுன் இருந்த இடத்தையே. வேகமான விளையாட்டுக்கு எமது கை இன்றும் பழைய கமராவையே நாடுகிறது. இதனைவிட விலையுயர்ந்த புதியவை இக்குறையைப் பெரிதும் நீக்கிவிட்டன என்பதையும் சொல்லிவைத்தல் நேர்மை.

மாலை மங்கி விளக்கேற்றிய முற்றத்தில் இக்கமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய துளையில் அரையிருட்டு அரையிருட்டாகவே தெரியும். படம் எவ்வளவு வெளிச்சமாக விழும் என்பதை அநுபவத்தாற் கணித்தோம். இப்பொழுது துவாரத்தையும் வேகத்தையும் மாற்றும்தோறும் விம்பம் எம் கண்முன்னே வெளுக்கின்றது, கறுக்கின்றது. படம் எப்படி அமையும் என்பதை எடுப்பதற்கு முன்னரே அறிந்துகொள்ளலாம். ஆசிரியனுக்கு இஃது ஒரு வரம். துவாரத்தைச் சுருக்கினால் என்ன நிகழும் என்பதை முன்னர்க் கரும்பலகையில் வரைந்து ஒரு பாடவேளை முழுவதும் விளக்கினோம். இன்று பிள்ளை சக்கரத்தைத் திருப்பித் தானே கண்டுகொள்கிறான்.

வரத்தோடு ஒரு வில்லங்கமும் வருகிறது. எண்ணெய் விளக்கின் ஒளி மஞ்சள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டவேண்டும் என்று பணிக்கப்பட்ட கமரா அம்மஞ்சளைத் தானே கழுவிக் காட்ட முயல்கிறது. பழைய கமராவும் இதனைச் செய்தது; ஆனால் துளையிற் கண்டது மெய்யான மஞ்சளாதலின், பின்னர்த் திரையிற் படத்தைப் பார்த்தபொழுது 'நாம் கண்ட நிறம் இதுவன்று' என்று கண் மறுத்தது. இப்பொழுது துளையிற் காண்பதே கழுவிய நிறம். எடுத்தபின் காண்பதும் அதுவே. மறுப்பதற்கு மனத்தில் வேறொரு சாட்சி இல்லை. ஆகையால், கமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, வெறுங்கண்ணால் ஒருமுறை விளக்கைப் பார்த்துவிட்டு மீண்டும் ஏற்றுவதை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். வெண்மைச் சமனைத் தன்னியக்கத்தில் விடாது கையால் நிறுத்திக்கொள்வது இன்னும் நன்று. துளையின் திரை இருட்டிற் பிரகாசமாயிருப்பதால், கண்ணை எடுத்தவுடன் முற்றம் முழுவதும் ஒருகணம் கறுத்துத் தெரியும் என்பதையும், படியிறங்கும்பொழுது கவனிக்க.

இனிக் கைக்குரியவை. ஆடி இல்லாமையால் வில்லைக்கும் தகட்டுக்கும் இடையே வெற்றிடம் விடவேண்டியதில்லை. நிக்கொனின் பழைய பொருத்தியில் அவ்விடைவெளி 46.5 மி.மீ.; புதியதில் 16 மி.மீ. மட்டுமே. கமரா மெலிந்ததன் காரணம் இதுவே. பற்றரியோடு டி750 இன் எடை 840 கிராம்; பற்றரியும் அட்டையும் சேர்த்து இசட்6 675 கிராம். மகிழ்ச்சியே. ஆனால் வீட்டிலிருக்கும் பழைய வில்லைகளைப் பொருத்த, குறைந்துபோன 30.5 மி.மீ. ஐ ஈடுசெய்யும் இடைவளையம் ஒன்று வேண்டும். அதன் எடை 135 கிராம். கூட்டினால் 810. மெலிவு என்று காசு கொடுத்து வாங்கியதில் மீந்தது 30 கிராம்! குடும்பத்தவர் இக்கணக்கைக் கேட்டு நகைத்தனர்.

அவ்வளையத்தில் இயக்கும் மோட்டார் இல்லை. எனவே தன்னுள் மோட்டார் கொண்ட வில்லைகளே தாமாகக் குவியும். கமராவின் மோட்டாரை நம்பியிருந்த பழைய 85 மி.மீ. வில்லையைக் கையாலேயே திருப்பவேண்டியதாயிற்று. இதனை இழப்பென்றே முதலிற் கருதினோம். ஆனால் கூர்மையாகக் குவிந்த விளிம்புகளைத் துளையினுள் நிறமிட்டுக் காட்டும் ஏற்பாடொன்று இப்புதிய கமராவில் உண்டு. வளையத்தை மெல்லத் திருப்ப, அந்நிற விளிம்பு காதிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து இமைக்கும் நகர்வதைக் காணலாம். பத்தாண்டு பயன்படுத்திய வில்லை எவ்வளவு ஒடுங்கிய ஆழத்தைக் கூர்மையாக்குகிறது என்பதை அப்பொழுதே கண்ணாற் கண்டோம். தாமாகக் குவியும் வில்லைகளிலோ, 2019 இல் வந்த மென்பொருளைச் சேர்த்தபின், கமரா முகத்தில் விழியைத் தானே தேடிப் பிடிக்கிறது. பல முகங்களுள் எதனை என்பதை மட்டும் நாம் சொல்லவேண்டும்.

பற்றரியைப் பற்றியும் ஒரு சொல். ஒரே குடும்பத்துப் பற்றரியே இரண்டுக்கும். எனினும் ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் அளவை முறைப்படி, டி750 க்கு 1230 படங்கள், இசட்6 க்கு 310. பார்த்துக்கொண்டிருப்பதற்கே மின்சாரம் செலவாகும் கருவியன்றோ! நடைமுறையில் இதனினும் கூடுதலாகவே எடுக்கலாம். ஆயினும் திருமண வீட்டுக்கு ஒரு பற்றரியோடு போகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் வெளியில் நின்று வில்லை மாற்றும் பழக்கத்தையும் விடவேண்டும். முன்னர் ஆடி தகட்டுக்குக் கதவுபோல நின்றது. இப்பொழுது தூசிக்கும் தகட்டுக்கும் இடையில் எதுவுமில்லை.

எல்லாவற்றினும் மேலாக எம்மைச் சிந்திக்க வைத்தது இக்கமராவின் மௌனம். ஆடி எழுந்து விழும் 'டக்' என்ற ஓசை இதிலில்லை. சட்டரின் மெல்லிய ஓசையையும் விரும்பினால் நிறுத்திவிடலாம். அரங்கேற்றத்தில் ஆலாபனை நடக்கும்பொழுது முன்வரிசையிலிருந்து எடுக்கலாம்; எவரும் திரும்பிப் பாரார். இதற்கும் கட்டணம் உண்டு. மௌன முறையில் தகடு மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கப்படுகிறது. முழுவதையும் வாசிக்க எமது கமராவுக்கு ஏறக்குறைய 20 இல் ஒரு செக்கன் செல்லும். எமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. எனவே அதில் எரியும் பல விளக்குகள் செக்கனுக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. வாசித்து முடிவதற்குள் ஐந்து முறை. படத்தில் ஐந்து பட்டைகள் குறுக்கே விழுவதன் காரணத்தை மாணவர் தாமே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வேகத்தை 100 இல் ஒன்றாகவோ 50 இல் ஒன்றாகவோ வைத்தாற் பட்டைகள் மறையும். வீசிய மட்டை வாழைமடல்போல் வளைந்து தெரிவதும் இவ்வரிவாசிப்பின் விளைவே. அதற்கு மருந்து மௌனத்தைக் கலைப்பதுதான்.

அயலிலுள்ள முதிய அம்மையார் ஒருவரை இம்மௌன முறையிற் படமெடுத்தோம். ஐந்தாறு படங்கள் எடுத்தாயிற்று. அவரோ மூச்சையடக்கி, சேலைத் தலைப்பை இறுகப் பற்றியபடி அசையாதிருந்தார். பின்னர், உதடு அசையாமலே, "தம்பி, இன்னும் எடுக்கேல்லையோ?" என்று கேட்டார். படமென்றால் ஓசை வரும். ஓசை வந்தபின்னரே உடம்பைத் தளர்த்தலாம் என்பது அவர் இளமை முதற் கண்டது. அவ்வோசை எமக்குக் கமராவின் இயக்கம். அவருக்கோ எழுந்து போகலாம் என்ற விடை. சட்டர் ஓசையை மீண்டும் இயக்கினோம். 'கிளிக்' என்றது. அம்மையார் சிரித்தார், அச்சிரிப்பே நல்ல படமாயிற்று.

அதுமுதல் இவ்வோசையைப் பற்றி எமக்கு ஒரு கொள்கை உண்டு. துயர வீட்டிலும் வழிபாட்டிடத்திலும் கமரா மௌனமாயிருத்தல் மரியாதை. மனிதர் ஒருவரை நேர்நின்று எடுக்கையில் ஓசையே மரியாதை. 'உன்னைப் பதிந்துகொண்டேன்' என்று அவருக்கு அறிவிப்பது அது. விருப்பமில்லாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும், 'வேண்டாம்' என்று சொல்லவும் வாய்ப்பளிப்பதும் அதுவே. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விற்கப்படும் கைப்பேசிகளில் இவ்வோசையை அணைக்கவியலாதபடி செய்தல் நெடுநாள் வழக்கம். மறைவாகப் படமெடுப்பதைத் தடுக்கவே அவ்வேற்பாடு. 2021 இல் வெளிவந்த நிக்கொன் இசட்9 இல் இயங்கும் சட்டரே இல்லை. அதில் ஓசை சிறியதோர் ஒலிபெருக்கியினின்று வருவது. வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம், முற்றாக நீக்கலாம். முன்னர்ப் பொறி தானாகச் செய்த அறிவிப்பை இனி எடுப்பவரே நினைந்து செய்யவேண்டும். பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதன் பொருள் எளிதில் விளங்கும்.

கழகத்துப் பிள்ளைகளுக்கு மௌன முறையை எவ்வாறு இயக்குவது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் எதிரிலிருப்பவரிடம் சொல்லிவிட்டே இயக்கவேண்டும் என்று விதித்துள்ளோம். புதிதாய்ச் சேர்வோர் கையில் முதலில் டி750 ஐயே கொடுக்கின்றோம். ஒளியைக் கணித்து, கணிப்பைக் கொப்பியில் எழுதி, அதன்பின்னரே எடுத்த படத்தைத் திரையிற் பார்க்கலாம். ஒரு தவணை கழிந்தபின் இசட்6. இப்பொழுது கல்லூரி விளையாட்டுப் போட்டி வருகிறது. இரண்டு கமராக்களும் மைதானத்துக்குச் செல்லும். ஆடியுள்ளது ஓட்டப் பந்தயத்துக்கு, ஆடியில்லாதது பரிசளிப்புக்கு என்று பிள்ளைகள் எம்மைக் கேளாமலே பங்கிட்டுக்கொண்டுள்ளனர்; இரண்டு மேலதிகப் பற்றரிகளையும் ஒருவன் பொறுப்பேற்றுள்ளான்.