கணவாய்க் காற்றும் 21 கிலோமீட்டரும்

துலாமழை ஓய்ந்து, கல்பாத்தித் தேரும் நிலைக்கு வந்து, கார்த்திகை பிறந்த சில நாட்களுக்கெல்லாம் பாலக்காட்டுக் கணவாயின் வழியே கிழக்குக் காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் எழுந்து நிற்க, இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் திறந்து கிடக்கும் இந்த நிலப்பரப்பை நாடிக் கொங்குச் சமவெளியின் வறண்ட காற்று வந்து சேர்வதால், மார்கழியிலும் தையிலும் சித்தூர் தாலுகாவின் பனைமரங்கள் இரவெல்லாம் உறங்குவதே இல்லை. மாசி மாதத்தை ஒட்டி, பிப்ரவரியில், மூணாற்றில் நடக்கும் மாரத்தானில் பாதித் தூரமாவது ஓட வேண்டுமென்று முதன்முறையாக மனத்தில் நிச்சயித்துக்கொண்ட ஒருவன் தன் பயிற்சியை எந்த மாதங்களில் செய்தாக வேண்டுமோ, அந்த மாதங்கள்தாம் இந்தக் காற்றின் மாதங்களும். இந்தப் பருவத்தில் நான் அவ்வாறு நிச்சயித்துக்கொண்டிருக்கிறேன்.

அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டரும் ஏறக்குறைய 98 மீட்டரும் கொண்ட தூரம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாய்க்கால் கரையில், வயல்களின் மேல் இன்னும் இருள் கலையாத வேளையில் கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கும்போது, அந்தத் தூரத்தைப் பற்றிய எண்ணத்தைக் காட்டிலும் முகத்தில் வந்து மோதும் காற்றே பெரிதாக இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு, அதை எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஆகையால் எதிர்க்காற்று நம்மிடமிருந்து பறித்துக்கொள்வதைத் திரும்பி வரும்போது முதுகுக்காற்று முழுமையாகத் திருப்பித் தருவதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேற்றைய வேகத்தை இன்றும் காட்ட வேண்டுமென்று பிடிவாதம் கொள்கிறவன் முதல் நான்கு கிலோமீட்டருக்குள் களைத்துப்போவான். ஒரு நாள் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மண்வெட்டியை ஊன்றி நின்று என்னைப் பார்த்துவிட்டு, "காத்தோட எதுக்குங்க தம்பி மல்லுக்கட்டறீங்க? அது போற போக்குல போகட்டும், நீங்க உங்க மூச்சுக்குத் தக்கன போங்க" என்றார். பயிற்சியாளர்கள் எழுதிய நூல்களில் பல பக்கங்களில் நான் படித்திருந்த விஷயத்தை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

மூச்சுக்குத் தக்கபடி ஓடுவது என்பதன் பொருள், ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் திணறாமல் சொல்ல முடிகிற அளவுக்கு மெதுவாக ஓடுவது. புதிதாக ஓட வருகிறவர்களுக்கு இது கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் நீண்ட தூர ஓட்டத்தின் ஜீவன் இதில்தான் இருக்கிறது என்பதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்த ஆர்தர் லிடியார்ட். பெரிய கல்லூரிகளின் துணையின்றி, தன் சரீரத்தையே சோதனைச் சாலையாக்கிக்கொண்டு, வாரத்துக்கு 100 மைல் அளவு நிதானமாக ஓடிப் பார்த்து அவர் வகுத்த முறையில், பந்தயத்துக்கான வேகப் பயிற்சி என்பது பல வாரங்கள் நீண்ட ஓட்டத்தால் அடித்தளம் இட்ட பிறகே வரும். இரண்டே சுற்றில் முடிந்துவிடும் 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லையும் ஞாயிற்றுக்கிழமைகளில் 22 மைல் மலைப்பாதையில் அவர் ஓடவைத்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், ஒரே பிற்பகலில், ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றபோது, அதுவரை லிடியார்டைப் பொருட்படுத்தாதவர்களும் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினர்.

மெதுவாக ஓட வேண்டியதற்கு உடற்கூற்றில் இன்னொரு காரணமும் உண்டு. சில வார அப்பியாசத்திலேயே இருதயம் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தத்தை இறைக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது, சுவாசம் சீராகிறது, உத்ஸாகம் பெருகுகிறது. ஆனால் தசைநார்களும் எலும்புகளும் அத்தனை விரைவில் இணங்குபவை அல்ல. எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும்போது, முதலில் பழைய பகுதியைக் கரைத்து நீக்கிவிட்டு, அதன் பிறகே அவ்விடத்தில் புதியதைப் படியவைக்கிறது. இந்தக் காரியம் முடிய மாதங்கள் ஆகின்றன, இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு முன்னைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கிறது. நெஞ்சு தயாராகிவிட்டது என்று நம்பித் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்கு முன்னங்காலில் நோவு வந்து வாரக்கணக்கில் உட்கார நேர்வது இதனால்தான். கார்த்திகையில் தொடங்கி மாசிக்குள் தயாராகிறவன் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம் போய், அதையும் சிறுகச் சிறுகக் கூட்டி, சில வாரங்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே குறைத்து, 16 அல்லது 18 கிலோமீட்டரை எட்டிவிட்டானானால் போதும். மீதியைப் பந்தய நாள் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் காற்றுக்கு வேறொரு குணமும் உண்டு. வியர்வை தோலில் தங்குவதற்கு முன்பே அதை உலர்த்திவிடுவதால், உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்பதே ஓடுகிறவனுக்குத் தெரிவதில்லை. வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும்போது கழுத்துப் பட்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக் கோட்டையும், உதட்டின் வெடிப்பையும் பார்த்த பிறகே தெரிகிறது. குளிர்காலத்தில் தாகம் எடுக்காது என்று எண்ணித் தண்ணீரைத் தள்ளிப்போடுவது இப்பக்கத்தில் பெரிய பிசகு. உப்பிட்ட நீர்மோர் இதற்கு நல்ல மருந்து.

மூணாறு இருக்கும் இடுக்கியையும் பாலக்காட்டையும் ஒரே ஓட்டத்தில் இணைத்தவர் பிரீஜா ஸ்ரீதரன். ராஜாக்காட்டுக்கு அருகிலுள்ள முல்லக்கானம் என்ற மலைக் கிராமத்தில் வறுமையில் வளர்ந்து, ரயில்வேயில் வேலை பெற்றுப் பாலக்காட்டுக்கு வந்தவர். 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தை அவர் 31 நிமிடம் 50.47 விநாடியில் முடித்துத் தங்கம் பெற்றபோது, நாசிக் பக்கத்துக் கவிதா ராவுத் 31 நிமிடம் 51.44 விநாடியில் அவரைத் தொடர்ந்து வந்து வெள்ளி பெற்றார். 25 சுற்றுகள் ஓடிய பின் இருவருக்கும் இடையில் ஒரு விநாடிகூட இல்லை. பெலாரசிலிருந்து வந்த நிக்கோலாய் ஸ்னேசரேவ் என்ற கண்டிப்பான ஆசான் இருவரையும் சேர்த்துப் பயிற்றுவித்தவர். 2021இல் பட்டியாலாவில், பணியில் இருந்தபடியே அவர் காலமானார். அதே குவாங்சோவில் 5,000 மீட்டரில் பிரீஜா வெள்ளியும் பெற்றார். ஏற்றமும் இறக்கமுமான ஏலக்காட்டுப் பாதைகளில் பள்ளிக்கு நடந்த கால்களுக்கு இவ்வளவு சக்தி உண்டென்பதை எண்ணும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைகிறது.

மூணாறு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அவ்வளவுக்குக் குறைகிறது. இந்த உயரத்தின் பயன் கருதியே கேரள விளையாட்டுக் கழகம் பழைய மூணாற்றில் உயர்நிலப் பயிற்சி மையம் அமைத்திருக்கிறது. ஆனால் பாலக்காட்டிலிருந்து இரண்டு நாள் முன்னதாகப் போய் இறங்குகிறவனுக்கு உயரத்தின் நன்மை கிட்டாது, சிரமம் மட்டுமே கிட்டும். உடம்பு புதிய சிவப்பணுக்களை ஆக்க வாரங்கள் வேண்டும். ஆகவே சமவெளியில் ஓடிய வேகத்தை அங்கே எதிர்பார்க்காமலிருப்பதே விவேகம்.

சென்ற மாதம் மாட்டுப்பெட்டிச் சாலையில் ஒரு காலைப் பொழுது ஓடிப் பார்த்தேன். செண்டுவாரைப் பக்கத்தில் உறைபனி விழுந்திருந்தது. சாலையோரப் புல் உப்புத் தூவியது போல வெளுத்து, காலடியில் நொறுங்கியது. தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து மஸ்டருக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, புறப்பட்டிருந்த பெண்கள், தலையில் கம்பளித் துண்டும் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவுமாக, பேசிக்கொண்டே அந்த ஏற்றத்தை ஏறினார்கள். மூச்சு வாங்கியதாகத் தெரியவில்லை. அவர்களில் மூத்த ஒரு அக்கா, நான் இறக்கத்தில் வேகமெடுப்பதைப் பார்த்து, "இறக்கத்துலதான் முட்டி போயிரும் அண்ணே, சின்னச் சின்னதா எட்டு வைங்க" என்று கூவினார். அது முழு உண்மை. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அதன் நார்களில் உண்டாகும் சேதத்தை அடுத்த இரண்டு நாட்களில் படிக்கட்டு இறங்கும்போது உணரலாம். கொழுந்து மூட்டையோடு தினந்தோறும் சரிவில் இறங்குகிற கால்களுக்கு இதைச் சொல்ல எந்த மருத்துவரும் தேவையில்லை. இந்தத் தோட்டங்களின் பிள்ளைகள் நீண்ட தூர ஓட்டத்துக்கு வர வேண்டும், வரவேண்டியவர்கள் அவர்களே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வருவதற்குத் தடையாக இருப்பவை எவையென்றால், இருளும் சாலையும் யானையும்தாம். மூணாற்றுச் சாலைகளில் படையப்பா என்ற கொம்பன் உலவுவது எல்லோருக்கும் தெரியும். பாலக்காட்டுக்கு வடக்கே தோணியில் 2022ஆம் ஆண்டு காலை நடைக்குப் போனவர் ஒருவரைக் காட்டுயானை கொன்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் பி.டி. 7 என்ற யானையை வனத்துறையினர் பிடித்து அதற்குத் தோணி என்றே பெயரிட்டனர். ஆசியத் தடகளப் போட்டிகளில் 2017இலும் 2019இலும் 1,500 மீட்டரில் தங்கம் வென்ற பி.யு. சித்ராவின் முண்டூர், அந்தத் தோணிக்குப் பக்கத்து ஊர். அத்தகைய ஊர்களில், விடிவதற்கு முன் ஒரு பெண்பிள்ளை தனியே சாலையில் ஓடட்டும் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது; விடிந்த பிறகோ பள்ளிக்கும் தோட்டத்துக்கும் நேரமாகிவிடுகிறது.

அவர்களுக்கு மிஞ்சுவது பள்ளி மைதானம் ஒன்றுதான். 400 மீட்டர் சுற்றில் 21 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 53 சுற்று. சலிப்பான காரியம்தான், ஆனால் லாரி இல்லை, நாய் இல்லை, யானை இல்லை, கணவாய்க் காற்றும் பாதிச் சுற்று எதிரே நின்றால் பாதிச் சுற்று பின்னே வருகிறது. எல்லையோரப் பஞ்சாயத்துகளில் பல பள்ளிகளின் வாயிற்கதவு எட்டரை மணி வரை பூட்டிக் கிடக்கிறது. இந்தத் தை மாதத்திலிருந்தாவது அதை ஐந்தரைக்குத் திறந்து, ஒரு விளக்கும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து, சாவியை ஊரிலுள்ள ஓர் அக்காவிடமோ ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடமோ ஒப்படைக்கும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அந்த விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.