கிறிஸ்துவப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் நம் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமாவோ அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டமோ படிக்கும் இந்திய மாணவர், "மிச்சப் படிப்புக்கு ஒரு கிறிஸ்துவப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கிறது? முதலில் கேட்கப்படுவது கட்டணம் அல்ல. அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்பதும் அல்ல. "மதம் மாற்றி விடுவார்களா?" என்பதுதான் முதல் கேள்வி. உறவினர் கேட்கிறார். கோவில் கமிட்டியில் உள்ளவர் கேட்கிறார். உரிமைப் போராட்டம் பேசும் நம்மவர்களும் கேட்கிறார்கள்.

பெற்றோருக்கு அந்தக் கவலை வருவது இயல்பு. ஆனால் வாசகர்களே, அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நம் பிள்ளை ஏன் அந்த வாசலில் போய் நிற்கிறது?

1971-இல் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவில் (8ஏ) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. உயர்கல்விக் கூடங்களில் இடம் ஒதுக்கும் அதிகாரம் அதன் வழியாகச் சட்டமானது. 2002-இல் கோட்டா போய்விட்டது, இனி தகுதி அடிப்படைதான் என்றார்கள். ஆனால் ஒரு பக்கம் எஸ்.டி.பி.எம்., இன்னொரு பக்கம் மெட்ரிகுலேஷன் என்று இரண்டு வெவ்வேறு பாதைகளை வைத்துக்கொண்டு ஒரே தகுதிப் பட்டியல் போட்டார்கள். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாத அனைவருக்கும் சேர்த்து 10 விழுக்காடு. 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தியபோதும் 90க்கு 10 என்ற கணக்கு மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். 7 ஏ, 8 ஏ எடுத்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை எங்கே போவது?

அந்தப் பிள்ளைதான் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போகிறது. அங்கிருந்து கிரெடிட்டுகளை எடுத்துக்கொண்டு, உதவித்தொகை தரும் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறது. தேடும்போது கண்ணில் படுபவற்றில் பல, திருச்சபைகள் தொடங்கியவையாக இருக்கின்றன. இதில் மாணவர் செய்த குற்றம் என்ன?

நம் பினாங்கையே பாருங்கள். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்க முன்னின்றவர் ஹட்சிங்ஸ் என்ற பாதிரியார். எல்லா இனத்துக்கும் மதத்துக்கும் திறந்த பள்ளி என்பதுதான் அந்தப் பெயரில் உள்ள 'ஃப்ரீ'. 1852-இல் செயின்ட் சேவியர்ஸ் பள்ளி லா சால் சகோதரர்கள் கைக்கு வந்தது. அதே ஆண்டில் லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட்டும் தொடங்கியது. இந்தப் பள்ளிகளில் எத்தனை தலைமுறை இந்துக்களும் சீக்கியர்களும் முஸ்லிம்களும் படித்து வெளியே வந்தார்கள்! கர்பால் சிங் செயின்ட் சேவியர்ஸ் மாணவர். கடைசி வரை அவர் சீக்கியராகவே வாழ்ந்தார்.

தமிழர் வரலாற்றில் இன்னும் பின்னால் போவோம். சைவத்தைக் காத்தவர் என்று நாம் கொண்டாடும் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார், பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவினார். அங்கே பள்ளி நடத்தும் முறையைக் கற்றுக்கொண்டவர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சி.வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரியில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னாளில் கலித்தொகையை அச்சில் ஏற்றி நமக்குத் தந்தவரும் அவரே. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில், அதாவது ஏசு சபையார் கல்லூரியில், 1954 வரை படித்தார். அவருடைய தொழுகை நின்றா போயிற்று?

இதையெல்லாம் சொல்வதால், எல்லா இடமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்துவப் பல்கலைக்கழகம் என்ற பெயருக்குள் பல வகை உண்டு. சிலவற்றில் பெயர் மட்டுமே மிச்சம். சிலவற்றில் மதப் பாடம் பட்டத்தின் ஒரு பகுதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் வழிபாட்டுக் கூட்டமும் கிறிஸ்துவ சமயப் பாடமும் பட்டத்துக்கான நிபந்தனைகளில் சேர்த்தி. வீட்டன் கல்லூரியில் கிறிஸ்துவ வாழ்க்கை நெறி பற்றிய உறுதிமொழியை மாணவர் ஏற்க வேண்டும். அவர்கள் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, உட்பிரிவு 3 சொல்வது இதுதான்: தன் மதம் அல்லாத வேறு மதத்தின் போதனையைப் பெறவோ அதன் வழிபாட்டில் பங்கெடுக்கவோ எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தியாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் அந்நாட்டு அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவைப் பார்க்கலாம். அரசின் அங்கீகாரமோ மானியமோ பெற்ற கல்விக்கூடத்தில், மாணவரின் சம்மதம் இல்லாமல் மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. வயது வராதவரானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடு கிடையாது. அங்கே நீங்கள் போடும் கையெழுத்துதான் சட்டம்.

ஆகவே மாறுவதற்கு முன் கேட்க வேண்டியவை இவை. வழிபாட்டுக் கூட்டம் கட்டாயமா? வேறு மதத்தினருக்கு விலக்கு உண்டா? உதவித்தொகைக்கு மத நிபந்தனை ஏதும் உண்டா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். இங்கே படித்த கிரெடிட்டில் எத்தனையை ஏற்பார்கள்? பாதியை ஏற்கவில்லை என்றால் இன்னும் ஓர் ஆண்டுக் கட்டணம் தலையில் விழும். பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுக்கு மாறினால் அது தொடராது. ஏற்கெனவே வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். பட்டம் இங்கே செல்லுமா என்பதை எம்.கியூ.ஏ.விடம் கேளுங்கள். மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் அந்தந்தத் தொழில் வாரியத்தின் பட்டியலையும் பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

இனி நம் சமூகத்திடம் ஒரு வார்த்தை. கிறிஸ்துவத் தமிழரும் நம் இனமே. பினாங்கு ரோட்டில் உள்ள புனித சவேரியார் ஆலயத்தில் தமிழில்தான் பூசை கேட்கிறார்கள். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏற்றும் இந்துக்கள் எத்தனை பேர்! திருவிழாவுக்குப் போகலாம், படிக்க மட்டும் போகக் கூடாதா?

மதம் மாறுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். அந்த மாணவருக்கு வேறு வழி என்ன காட்டினீர்கள்? எம்.ஐ.இ.டி. 2001-இல் கெடாவில் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்றுதான் நம் பெயரைச் சொல்ல இருக்கிறது. அது எல்லாரையும் ஏற்க முடியாது, எல்லாராலும் அங்கே கட்டணம் கட்டவும் முடியாது. கும்பாபிஷேகத்துக்கும் இரதத்துக்கும் திரளும் பணத்தில் ஒரு பங்கு கல்வி நிதிக்குப் போகிறதா? உதவிக்கு நாம் வராத இடத்தில் இன்னொருவர் வந்தால், அவர்மேல் கோபப்பட நமக்கு என்ன உரிமை?

பாதிரியார்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பள்ளி கட்டினார்கள். நாவலர் அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. கற்றுக்கொண்டு வந்து தாமும் கட்டினார். நாம் செய்ய வேண்டியதும் அதுதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் நம் பங்கைக் கேட்டுப் போராடுவோம். நம் கோவில்களிலும் சங்கங்களிலும் கல்வி நிதி திரட்டுவோம். அதுவரை கிடைத்த வாசல் வழியாகப் போகும் பிள்ளையை வாழ்த்தி அனுப்புவோம்.

தன் மதத்தைத் தெரிந்து வளர்ந்த பிள்ளை, இன்னொரு மதத்தாரின் வகுப்பறையில் உட்கார்ந்ததால் தொலைந்து போவதில்லை. படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகளைத்தான் நாம் ஆயிரக்கணக்கில் தொலைத்திருக்கிறோம்!