பையன்தான் குற்றவாளியா?

'கம்ப்யூட்டர் விளையாட்டு நடுவில் நின்று போவதைப் பற்றி ஒரு நாவலாசிரியர் எழுத வேண்டுமா?' என்று கேட்கப் போகிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் இருவர் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவர் என் மாப்பிள்ளை. இன்னொருவர், போன மாதம் வரையில், நானேதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதினாறு வயது. பத்தாவது பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினால் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அவன் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளையாண்டான் மார்க்கை வாங்கிவிட்டான். அப்பாவும் வாக்கைக் காப்பாற்றினார். ஒரு கடையில் சொல்லி, உதிரி உதிரியாகச் சாமான் சேர்த்துக் கட்டிய யந்திரம் அது. படிப்புக்கு என்று பெயர். விளையாட்டுக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

வந்த பத்தாம் நாள் ஆரம்பித்தது வினை. விளையாட்டைத் தொடங்கிப் பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ ஆகும். திடீரென்று திரை கறுத்துப் போகும். சற்று நேரத்தில் யந்திரம், ஒன்றுமே நடக்காதது போல், தானாகவே மறுபடியும் உயிர் பெற்று எழுந்திருக்கும்.

"என்னடா பண்ணினே?" என்றார் மாப்பிள்ளை.

"நான் ஒண்ணும் பண்ணலைப்பா."

"ஒண்ணும் பண்ணாமலா புது மெஷின் கெட்டுப் போகும்?"

ஈஸிசேரில் சாய்ந்திருந்த நானும் சும்மா இருக்கவில்லை. "ராத்திரி பகல் பாக்காம முழிச்சிண்டிருந்தா மெஷினுக்கும் கண்ணு இருட்டத்தானே செய்யும்!" என்று பெரிய ஹாஸ்யம் ஒன்றை உதிர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிடவும் வரவில்லை.

யந்திரம் கடைக்குப் போயிற்று. "ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும் சார்" என்றார் கடைக்காரர். ஐந்நூறு ரூபாய். வீட்டுக்கு வந்தது, கறுத்தது. மறுபடியும் ஃபார்மட், மறுபடியும் ஐந்நூறு. மூன்றாவது தடவை அவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "பையன் கண்ட கண்ட கேமையெல்லாம் இறக்கறான் சார். வைரஸ்!" அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய வேஷ்டியைப் போட்டு மூடினார்கள். 'படிப்பைக் கெடுக்க வந்த சனியன் தானாகவே தொலைந்தது' என்று மாப்பிள்ளைக்கு உள்ளூரத் திருப்தி. எனக்கும்தான், மறைப்பானேன்?

பத்து நாள் கழித்து, குறிப்பெழுதக் காகிதம் தேடியபோது பையனுடைய நோட்டு ஒன்று அகப்பட்டது. கணக்கு நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில் தேதியும் மணியும் போட்டு வரிசையாக எழுதியிருந்தான். பழைய சாதாரண விளையாட்டு: இரண்டு மணி நேரம், ஒன்றும் ஆகவில்லை. பெரிய விளையாட்டு: பன்னிரண்டாவது நிமிஷம் நின்றது. அதையே படத்தின் வேகத்தைக் குறைத்து ஆடியபோது: நாற்பதாவது நிமிஷம். கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்தை நூற்றுக்கு எழுபதாகக் கட்டுப்படுத்தியபோது: சாயங்காலம் முழுவதும் நிற்கவே இல்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேஜை விசிறியை எதிரே வைத்து, கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஆடியபோது: உஷ்ணம் எழுபது டிகிரியைத் தாண்டவில்லை, ஆனாலும் பதினொன்றாவது நிமிஷம் நின்றது. கீழே கோடு போட்டு ஒரு வரி: 'சூடு காரணம் இல்லை. கரண்ட்? எஸ்.எம்.பி.எஸ்.?'

நான் அந்த நோட்டை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் மூன்று பெரியவர்கள், ஒரு கடைக்காரர், ஆயிரத்தைந்நூறு ரூபாய். இத்தனையும் சேர்ந்து செய்யாத காரியத்தை ஒரு பையன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் செய்திருந்தான். விசாரணை என்றால் அதுதான் விசாரணை. நாங்கள் செய்தது பஞ்சாயத்து.

மறு நாள் வேஷ்டியை எடுத்தோம். சிநேகிதன் ஒருவனுடைய எஸ்.எம்.பி.எஸ்ஸை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டினான் பையன். மூன்று மணி நேரம், யந்திரம் அசையவில்லை. பழையதை மறுபடி மாட்டினான்; பன்னிரண்டாவது நிமிஷம் இருட்டு. மேலே ஒட்டியிருந்த சீட்டில் கண்டிருந்த வாட் கணக்கு அந்தப் பெட்டிக்குள் இல்லை! கடைக்காரர் நோட்டைப் படித்தார். வாய் பேசாமல் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். ஆயிரத்தைந்நூறு ரூபாய் மட்டும் திரும்பி வரவில்லை.

இது என் வீட்டுக் கதை. ஆனால் என் வீட்டோடு முடிகிற கதை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த ஃபார்மட் என்ற மூட நம்பிக்கையைக் கவனியுங்கள். வீட்டில் திருட்டுப் போனால், போலீஸ் வருவதற்கு முன் வீட்டைக் கழுவி மெழுகுவோமா? விண்டோஸ் தன்னிடம் நேர்ந்த விபத்துக்களை ஈவென்ட் வியூவர் என்ற பேரேட்டில் பதிந்து வைக்கிறது. யந்திரம் முறையாக மூடப்படாமல் அணைந்து எழுந்தால் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு குறிப்பு விழும். காரணத்தை அது சொல்லாது. விபத்து நேர்ந்த நாழிகையைச் சொல்லும். ஃபார்மட் செய்கிறவர் அந்தப் பேரேட்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார். சில கோளாறுகள் அதனால் தீரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்வதற்கு வைத்தியம் என்று பெயர் கிடையாது.

எல்லாக் கறுப்புத் திரையும் ஒரே வியாதியும் அல்ல. திரை கறுத்த பிறகும் சத்தம் கேட்கிறதா, கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தால், யந்திரம் மாண்டதா, படம் மட்டும் மாண்டதா என்று ஓரளவுக்குத் தெரியும். படம் மட்டும் போயிருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கு விசைகளை ஒருங்கே அழுத்தினால் சில சமயம் உயிர் வரும். கிராபிக்ஸ் டிரைவரைத் தட்டி எழுப்புகிற முறை அது. புதிதாக மாற்றிய டிரைவரால் தொல்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம். ரேமை அதன் சாதாரண வேகத்துக்கு மேல் ஓட வைத்திருந்தால் பயாஸில் அதைக் குறைத்துப் பார்க்கலாம். எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஐந்தைச் சேர்த்து மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவனுக்கு எது நோய் என்று ஆயுசுக்கும் தெரியாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆளை அடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும்.

இத்தனையும் ஒரு பையன் கற்றுக்கொள்ளலாம். என் பேரன் கற்றுக்கொண்டான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் எதற்காக ஐயா துப்பறிய வேண்டும்? இதுதான் என் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கடைக்காரரைவிடப் பெரியவர்கள்.

யந்திரம் பேசும் பாஷையைப் பாருங்கள். கிராபிக்ஸ் பகுதி இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், அது செயலற்றுவிட்டது என்று முடிவு கட்டி, அதை உலுக்கி எழுப்புவது விண்டோஸின் வழக்கம். விஸ்டா காலத்திலிருந்து இப்படித்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்போது விளையாட்டு விழுந்தால், ஆடுகிறவனுக்குத் திரையில் என்ன செய்தி கிடைக்கிறது தெரியுமா? பல சமயம், 'சாதனம் அகற்றப்பட்டது' என்று! யார் அகற்றினார்கள்? பெட்டி பூட்டியபடி இருக்கிறது. பையன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. 'நீதான் எதையோ கழற்றினாய்' என்று யந்திரமே சொல்லிவிட்ட பிறகு, அப்பா சொல்ல மாட்டாரா?

இதைவிடப் பெரிய பொய் 2024-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் பொருத்திய உயர்ந்த விலை யந்திரங்கள் பலவற்றில் விளையாட்டுக்கள் விழுந்துகொண்டே இருந்தன. 'வீடியோ மெமரி போதவில்லை' என்று திரை சொல்லிற்று. வீடியோ மெமரியோ வேண்டிய மட்டும் இருந்தது. கிராபிக்ஸ் கார்டு செய்கிற என்விடியா கம்பெனி, இந்த விஷயத்தில் இன்டெலைக் கேளுங்கள் என்று தன்னிடம் வந்தவர்களைத் திருப்பிவிட்டது. கடைசியில் 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: பிராசஸருக்குள் இருக்கிற மைக்ரோகோடு தவறுதலாக அதிக வோல்டேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே சேதமான பிராசஸரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. மாற்றித்தான் ஆக வேண்டும். பதின்மூன்றாம் தலைமுறை விற்பனைக்கு வந்தது 2022 அக்டோபரில். ஒப்புதல் வருவதற்கு இருபது மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனை வீட்டில் எத்தனை பையன்கள், 'என்னடா பண்ணினே?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றிருப்பார்கள்!

விளையாட்டுச் செய்கிறவர்கள் மட்டும் யோக்கியர்களா? 2015 ஜூன் மாதம் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' என்ற விளையாட்டு வெளியாயிற்று. கம்ப்யூட்டருக்கென்று வந்த பதிப்பு இருந்த லட்சணத்தில், சில நாளைக்குள் அதன் விற்பனையை வெளியிட்டவர்களே நிறுத்தினார்கள்; மறுபடியும் கடைக்கு வந்தது அக்டோபர் கடைசியில். நிறுத்தியதை நான் பாராட்டுகிறேன். விற்பதற்கு முன் ஒரு முறை ஆடிப் பார்த்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன். அதே 2015 ஜூனில்தான் ஸ்டீம் என்ற விற்பனைத் தலம், வாங்கிய 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக விதி செய்தது. நல்ல விதி. ஆனால் விளையாட்டு திறந்து கிடந்த நேரமெல்லாம் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறுகிறது. 'இதை மாற்றிப் பார், அதைக் குறைத்துப் பார்' என்று புத்திமதி கேட்டுக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிய நேரமும் அதில் சேர்த்திதான். பொறுமைசாலி தண்டனை அடைகிறான்.

கம்பெனிகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டியது தர்மம். கம்ப்யூட்டர் என்பது ஒருவர் செய்கிற சாமான் இல்லை. பிராசஸர் ஒருவர், கார்டு ஒருவர், ரேம் ஒருவர், விண்டோஸ் ஒருவர், விளையாட்டு ஒருவர். ஒரு வீட்டில் உள்ள சேர்க்கை அடுத்த வீட்டில் இருக்காது. எல்லாச் சேர்க்கையையும் யாராலும் சோதித்துவிட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதிக்க முடியாது என்பது வேறு; உண்மையைச் சொல்ல முடியாது என்பது வேறு. 'எங்கே தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை' என்று ஒரு வரி போடுவதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம். மனசு வேண்டும்.

'விளையாட்டுத்தானே, போனால் போகட்டுமே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாவல் படிக்கிற பெண் கெட்டுப் போவாள் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. தலையணைக்கு அடியில் கதைப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்தவர்களின் பேத்திகள்தான் இன்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். பொழுதுபோக்கு என்பதற்காக ஒருவன் ஏமாற்றப்படலாம் என்று நீங்களுமா சொல்லப் போகிறீர்கள்? 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் வருகிற கெடுதிக்குச் செய்தவனும் விற்றவனும் பதில் சொல்ல இடம் வைத்திருக்கிறது. படிப்புக்கு வாங்கியதா, விளையாட்டுக்கு வாங்கியதா என்று அது கேட்கவில்லை. சாட்சியம் இருக்கிறதா என்றுதான் கேட்கும். என் பேரனுடைய நோட்டு சாட்சியம். மாப்பிள்ளையின் கோபமும் என் ஹாஸ்யமும் சாட்சியம் ஆகா.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பழுதான திருத்தம் ஒன்றினால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரை காட்டி விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று கவுண்டரில் உட்கார்ந்திருந்த உத்தியோகஸ்தரைப் பார்த்து, 'நீ என்ன பண்ணினே?' என்று யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்போம். ஆபீஸ் யந்திரம் விழுந்தால் அது யந்திரத்தின் கோளாறு. பையனுடைய யந்திரம் விழுந்தால் அது பையனின் நடத்தை! இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் படித்தோம்?

நான் பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி தாத்தா, அந்த ஸ்குரூ டிரைவரை எடு" என்றான். அவனுக்கு வேலை இருந்தது.

அவன் அப்பா இன்னும் கேட்கவில்லை. "இப்பத்தான் சரியாயிடுத்தே, அப்புறம் என்ன?" என்கிறார். யந்திரம் சரியாகிவிட்டது, வாஸ்தவம். ஆனால் 'நான் ஒண்ணும் பண்ணலைப்பா' என்று அந்தப் பையன் சொன்னது உண்மை என்று அவர் வாயால் இன்னும் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூடத் தவறாமல் படிக்கிறவர். அதனால்தான் இதை இங்கே எழுதினேன்.