சரியும் பங்கில் கொழுத்த ப்ரீமியம்

விழுந்துகொண்டிருக்கும் பங்கில் புட் ஆப்ஷனை விற்றால் ப்ரீமியம் கொழுக்கக் கிடைக்கும். "இதற்குமேல் எங்கே விழப்போகிறது?" என்பதுதான் விற்பவர்களின் ஒரே தைரியம்.

சின்ன வெங்காயம் விளைவிக்கும் குரும்பலூர்க்காரருக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். சின்ன வெங்காயம் கிலோ 40 ரூபாய் விற்கும்போது, "மாதக் கடைசியில் விலை எவ்வளவு இறங்கினாலும் 35 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், அந்த உறுதிக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் இப்போதே கொடுங்கள்" என்று வியாபாரி விவசாயியிடம் பணம் வாங்கினால், அவர் விற்றது புட் ஆப்ஷன்; அந்த 2 ரூபாய்தான் ப்ரீமியம். விலை 35-க்குமேல் நின்றால் 2 ரூபாய் லாபம். 15-க்கு இறங்கினால் 18 ரூபாய் நட்டம். இருப்பு வைத்த பட்டறையில் வெங்காயம் அழுகத் தொடங்கியபின் அதே உறுதிக்கு 5 ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், விவரமான வியாபாரி முதலில் பட்டறையைப் போய்ப் பார்ப்பார். பங்குச் சந்தையில் பலர் 5 ரூபாயை மட்டுமே பார்க்கிறார்கள்.

யெஸ் பேங்க் கதை இதுதான். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டியிருந்த பங்கு, 2020 மார்ச் 5 அன்று 36.80-இல் முடிந்தது. பத்தில் ஒரு பங்காகிவிட்டதே, இனி என்ன விழும்? அன்று மாலை ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி மத்திய அரசு அந்த வங்கிக்குத் தடையுத்தரவு போட்டது. வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்குமேல் எடுக்க முடியாமல் போனது. மறுநாள் பங்கு நடுவில் 5.55 வரை போய் 16.20-இல் நின்றது. முதல்நாள் 30 ரூபாய் புட்டை 2 ரூபாய்க்கு ஒருவர் விற்றிருந்தார் என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் பங்குக்கு 11.80 ரூபாய் பள்ளம். ஆப்ஷன் வர்த்தகம் உள்ள பங்குகளுக்கு ஒரே நாளில் விலை இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்ற நிலையான சர்க்யூட் வரம்பு கிடையாது. குறித்த விலை வந்ததும் வெளியேற ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் விலை அதைத் தாண்டிக் குதித்துவிடும்.

"பங்கு கைக்கு வந்தால் வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன்கள் எல்லாவற்றுக்கும் டெலிவரி கட்டாயம் என்பதால் வரத்தான் செய்யும். அதற்கு முழுப் பணம் வேண்டும், ஆப்ஷன் விற்கக் கட்டும் பிணைத்தொகையான மார்ஜின் போதாது. யெஸ் பேங்கின் சீரமைப்புத் திட்டமோ, 100 பங்குக்குமேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டு முடக்கிப்போட்டது.

வாரன் பஃபெட்டே 1993-இல் கோகோ கோலா புட்டுகளை விற்றார் என்று உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பங்கு அவருக்கு வேண்டியிருந்தது, வாங்கப் பணமும் இருந்தது. விலைதான் இறங்கியிருந்ததே தவிர, வியாபாரம் அழுகவில்லை.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2024 ஆய்வுப்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்குமேல். இந்த வர்த்தகர்களில் 72 சதவீதத்துக்கும் அதிகமானோர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். பருத்தி, மக்காச்சோளப் பணம் புழங்கும் ஊர்களும் அந்த வெளியில்தான் அடங்கும்.

புட் விற்பனைக்குத் தடை போடச் சொல்லவில்லை. புட் விற்கும் திரையில் மார்ஜினுக்குப் பக்கத்திலேயே, பங்கு தலையில் விழுந்தால் கட்டவேண்டிய முழுத் தொகையையும் அதே அளவு எழுத்தில் காட்டும்படி தரகு நிறுவனங்களுக்குச் செபி உத்தரவிடலாம்.